நாலாம் பாலம் தாண்டினால் சீனி வருத்தம்

போன மாதம் ஓய்வூதிய அலுவலாக எங்கள் பழைய கந்தோருக்கு, அதுதான் அலுவலகத்துக்கு, போயிருந்தேன். மேல்மாடி மண்டபத்தில் ஒரு பயிற்சிப் பட்டறை நடந்துகொண்டிருந்தது. வாசலில் ‘பாரபட்சத்தை விளங்கிக்கொள்வோம், வெல்வோம்’ என்று பதாகை கட்டியிருந்தார்கள். பதாகையில் எனக்கு அவ்வளவு ஆர்வம் வரவில்லை. மத்தியானச் சாப்பாடு புரியாணி என்று காவலாளி சொன்னான். அதனால் பின்வரிசையில் ஒரு கதிரையை இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிட்டேன்.

பட்டறை நடத்த வந்த பெண் பிள்ளை கெட்டிக்காரி. எல்லோருக்கும் கலர் கடதாசித் துண்டு கொடுத்து, “உங்களை ஆர் ஒதுக்கினவை எண்டு எழுதுங்கோ” என்றாள். எங்கள் பெடியள் மளமளவென்று எழுதித் தள்ளினார்கள். சிலருக்கு இரண்டாவது துண்டும் தேவைப்பட்டது. அடுத்ததாக, “இப்ப நீங்கள் ஆரை ஒதுக்கினனீங்கள் எண்டு எழுதுங்கோ” என்றாள். அவ்வளவுதான். ஒருவர் பேனையை உதறிப் பார்த்தார், மை முடிந்துவிட்டதாம். இன்னொருவருக்கு அவசரமாகக் கை கழுவ வேண்டியிருந்தது. மிச்சப் பேர் பதாகையை முதல் தடவையாக வாசித்துப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

அந்தப் பிள்ளை கடைசியில் என்னைப் பார்த்து, “ஐயா, நீங்கள் அனுபவசாலி. ஏதும் சொல்லுங்கோவன்” என்றாள். நான் எழும்பிச் சொல்லத் தொடங்கி, கதை பாதியில் நிற்கும்போது புரியாணி வந்துவிட்டது. புரியாணிக்கு முன்னால் எந்தக் கதையும் நிற்காது. ஆனால் சாப்பிட்டு முடித்த பெடியள், “அண்ணை, மிச்சத்தை எழுதித் தாங்கோ” என்று கையைப் பிடித்தார்கள். அதுதான் இது.

நான் சாரதி. குளமும் வாய்க்காலும் பார்க்கிற கந்தோர் ஒன்றில் வாகனம் ஓட்டியே தலை நரைத்தவன். உழவு இயந்திரத்தில் பழகி, லொறிக்கு மாறி, பிறகு அரசாங்கத்துக்கு வந்தேன். பழகிய காலத்தில் நான் இடித்த மதில்களைப் பற்றி இங்கே சொல்ல வேண்டியதில்லை. அப்பாவும் அம்மாவும் மலைநாட்டில் தேயிலைத் தோட்டத்தில் வேலை செய்தவர்கள். கலவரத்துக்குப் பயந்து என்னை இடுப்பில் தூக்கிக்கொண்டு வன்னிக்கு வந்தார்கள். வவுனியாப் பக்கம் வளர்ந்ததால் என் நாக்கு ‘ஓம்’ என்று திரும்பிவிட்டது. அம்மாவின் நாக்கு கடைசி வரைக்கும் ‘ஆமாங்க’வை விடவில்லை. தண்ணீரூற்றில் கல்யாணம் செய்து அங்கேயே இருந்துவிட்டேன். அம்மாவும் எங்களோடுதான் இருந்தார்.

எங்கள் பொறியியலாளர் சபாநாதன் ஐயா. அவருடைய தகப்பன் யாழ்ப்பாணத்திலிருந்து வந்து குடியேற்றத் திட்டத்தில் காணி பெற்று வயல் செய்தவர். நான் அவருடைய வாகனத்துக்கு மாற்றப்பட்ட முதல் நாள், பின்சீட்டில் ஏறி, குடையை மடக்கி, கதவைச் சாத்தினார். சாத்தினதும் கேள்வி வந்தது.

“முத்தையா, நீர் எவடம்?”

“தண்ணீரூற்று ஐயா.”

“தண்ணீரூற்றிலை எவடம்?”

“பிள்ளையார் கோயிலடிக்குக் கிட்ட.”

“ஆ! அங்கை எங்கடை பெரியம்மாவின்ரை ஆக்கள் இருக்கினம். நல்ல சனம்.”

அப்படியே முதுகைச் சாய்த்துக்கொண்டார். எங்கள் பக்கத்தில் ‘எவடம்’, அதாவது எந்த இடம், என்கிற இந்தக் கேள்வி எதற்கென்று எல்லோருக்கும் தெரியும். ஊரைக் கேட்டு, ஒழுங்கையைக் கேட்டு, கோயிலைக் கேட்டு, சாதி அடுக்கில் ஆளை எந்தத் தட்டில் வைப்பது என்று முடிவு செய்வார்கள். ஐயா என்னை நல்ல தட்டில் வைத்துவிட்டார். அவர் கேட்டதற்கெல்லாம் நான் உண்மையைத்தான் சொன்னேன். கேட்காததைச் சொல்ல எனக்குச் சம்பளம் தரவில்லை.

பிழையாக எண்ண வேண்டாம், ஐயா கெட்ட மனிதர் இல்லை. ஒரு கொத்து நெல்லைக் கூட யாரிடமும் கை நீட்டி வாங்கமாட்டார். வேலையிலும் சுத்தம். வாய்க்காலில் தண்ணீர் எவ்வளவு வேகமாகப் போகிறது என்று அளக்கக் கந்தோர் ஒரு பெட்டி நிறையக் கருவி கொடுத்திருந்தது. அந்தப் பெட்டி வாகனத்திலேயே பயணம் செய்து வயதுபோய்விட்டது. ஐயா ஒரு காய்ந்த இலையை எடுத்துத் தண்ணீரில் விடுவார். பிறகு குடையைப் பிடித்தபடி, இலையோடு சேர்ந்து வாய்க்கால் கட்டின் மேல் நடப்பார். நடந்துகொண்டே வாய்க்குள் தேவாரம். குறித்த மரத்தடிக்கு இலை வரும்போது எத்தனை தேவாரம் முடிந்தது என்பதுதான் கணக்கு. நல்ல வாய்க்காலுக்கு ஒன்று போதும். தூர்ந்துபோன வாய்க்காலில் மூன்றாவதும் தொடங்கிவிடும். இலை எங்காவது புல்லில் மாட்டிக்கொண்டால், “வாரும், வாரும்” என்று மரியாதையாகக் கூப்பிடுவார். சிரிக்காமல் பக்கத்தில் நடப்பதுதான் என் உத்தியோகத்தின் கஷ்டமான பகுதி. கருவியோடு வந்த புதுப் பெடியன் ஒருவன் அளந்து பார்த்தபோது இரண்டு கணக்கும் ஏறக்குறைய ஒன்றாகவே வந்தன. ஐயா அன்று முழுக்கத் தேவாரம் சத்தமாகவே பாடினார்.

அவருக்குத் தேத்தண்ணி என்றால் உயிர். கடைத் தேத்தண்ணி பிடிக்காது. ஆகவே காலையில் என் அம்மா ஒரு பிளாஸ்க் நிறைய ஊற்றித் தருவார். சாயம் எந்த நிமிடத்தில் இறங்கும், இஞ்சியை எப்போது தட்டிப் போடவேண்டும் என்பதெல்லாம் அம்மாவுக்குத் தண்ணீர் கொதிக்கிற சத்தத்திலேயே தெரியும். ஐயா ஒரு மிடறு குடித்துவிட்டுக் கண்ணை மூடுவார்.

“உம்மடை அம்மான்ரை கை பொன் கை, முத்தையா.”

வீட்டுக்குப் போனால் அம்மா பிளாஸ்கைக் கழுவிக்கொண்டே கேட்பார்: “ஐயா என்னப்பா சொன்னாரு?”

“பொன் கையாம்.”

“பின்ன? எத்தன கொழுந்து பறிச்ச கை!”

இந்த இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் கண்டதில்லை. ஆனால் நல்ல சிநேகிதம்.

இனி வாய்க்கால். கிளிநொச்சிக்குத் தெற்கே ஒரு குளம், பெயர் வேண்டாம். இரணைமடுக் குளம் அளவுக்குப் பெரியதில்லை. குளத்திலிருந்து புறப்படும் வாய்க்காலின் தலைப்பில் யாழ்ப்பாணத்துக் குடும்பங்களின் வயல்கள். நடுவில் நாலாம் பாலம். கடைசியில் ஒரு சின்னக் கிராமம், மலைநாட்டிலிருந்து வந்த சனம். காட்டை வெட்டி, கட்டையைப் பிடுங்கி, தாங்களாகவே நெல்லு விதைக்கப் பழகியவர்கள். யுத்தம் முடிந்து மீளக் குடியேறியபோது அவர்களுக்கும் வாய்க்கால் தண்ணீரில் முறையாகப் பங்கு கிடைத்தது. வயல் செய்கிறவர்கள் சேர்ந்த அவர்களுடைய கமக்காரர் அமைப்புக்குத் தலைவி பாக்கியம் அக்கா. புருஷன் இல்லை, இரண்டு பெண் பிள்ளைகள். உள்ளது இரண்டு ஏக்கர் வயல்.

முதல் தடவை ஐயா அங்கே போனபோது பாக்கியம் அக்கா வாசலைக் கூட்டிக் கதிரை போட்டு, பளபளவென்று மினுக்கிய கிளாசில் தேத்தண்ணி கொண்டுவந்தார். மணம் எனக்குத் தெரிந்த மணம்தான். ஐயாவின் மூக்கும் விரிந்தது. ஆனால் கை போகவில்லை.

“எனக்குச் சீனி வருத்தம் பிள்ளை” என்றார். நீரிழிவு நோயைத்தான் எங்கள் பக்கம் அப்படிச் சொல்வோம்.

இதுவும் எங்கள் பக்கத்துப் பழக்கம். தாழ்வாக எண்ணுகிற வீட்டில் தண்ணி வென்னி குடிக்கமாட்டார்கள். ஆனால் முகத்துக்கு நேரே ‘குடிக்கமாட்டேன்’ என்று சொல்லும் துணிவும் கிடையாது. ஆகவே வருத்தம் ஒன்றைக் கூட்டிக்கொண்டு வருவார்கள். தோலோடு இருக்கிற வாழைப்பழம் சரி. மூடியோடு இருக்கிற சோடா சரி, கண்ணுக்கு முன்னால் மூடி கழன்றால் போதும். தோலையும் மூடியையும் தாண்டி உள்ளே எங்கள் தீட்டுப் போகாதாம். மேடையில் ஏறினால் எல்லோரும் நாங்கள் ஒதுக்கப்பட்ட இனம் என்று தொண்டை கிழியப் பேசுவார்கள். மேடையால் இறங்கித் தேத்தண்ணி வந்தவுடன் சீனி வருத்தம் வந்துவிடும். இடம்பெயர்ந்து ஓடின காலத்தில் தலைப்பும் கடைசியும் ஒரே தண்ணீர்ப் பவுசருக்கு முன்னால் வரிசையில் நின்று, ஒரே வாளியில் வாய் வைத்துக் குடித்தோம். அப்போது ஒருவருக்கும் ஒரு வருத்தமும் இருக்கவில்லை.

இரண்டாம் தடவை போனபோது பாக்கியம் அக்கா சீனி போடாத தேத்தண்ணியோடு வந்தார். “ஐயாவுக்குன்னு தனியா ஊத்துனதுங்க. சீனி ஒரு பொட்டும் இல்ல.”

ஐயாவுக்கு வேர்த்துவிட்டது. “இல்லைப் பிள்ளை, தேயிலையும் கூடாதாம்.”

வாகனத்தில் ஏறியதும் என் பிளாஸ்கில் இரண்டு கோப்பை ஊற்றிக் குடித்தார்.

மூன்றாம் தடவை யாரோ பாக்கியம் அக்காவுக்கு வழி சொல்லிக் கொடுத்திருக்க வேண்டும். சிவப்புச் சோடா ஒன்றை வாங்கி வைத்திருந்தார். ஐயா முன்னால் மூடியைக் கழற்றினார். ஐயா நிம்மதியாக முழுப் போத்தலையும் குடித்து முடித்தார். பாக்கியம் அக்கா முந்தானையைக் கையில் பிடித்தபடி பார்த்துக்கொண்டே நின்றார்.

“ஏங்கய்யா, சோடாவுல சீனி இல்லீங்களா?”

ஐயா போத்தலைப் பார்த்தார். என்னைப் பார்த்தார். “இது… இது வேறை சீனி” என்றார்.

அதற்குப் பிறகு அவர் அந்தப் பக்கம் போவதை விட்டுவிட்டார். வாகனம் நாலாம் பாலத்துக்கு வரும், ஐயா இறங்கிக் கண்ணுக்கு மேல் கையை வைத்துத் தூரத்தைப் பார்ப்பார். “அங்காலையும் பார்த்த மாதிரித்தான் முத்தையா, திருப்பும்” என்பார். பாலத்தடியில் வாகனம் திருப்ப ஓர் இடம் இருந்தது. ஒரு மனிதர் ஒரு கோப்பை தேத்தண்ணிக்குப் பயந்து, வாய்க்காலின் பாதியை அரசாங்கத்தின் கண்ணிலிருந்து மறைத்துவிட்டார்.

கண் இல்லாத இடத்தில் கை நீளும்தானே. அந்தச் சிறுபோகத்தில், கோடைகாலப் பயிரின்போது, கடைசிக் கிராமத்துக்குத் தண்ணீர் போகவில்லை. பாக்கியம் அக்கா எனக்குத் தொலைபேசி எடுத்தார்.

“தம்பி, பயிரு கதிரு வாங்கப் போற நேரம். வாய்க்கால்ல தவக்களகூட இல்ல. நாலாம் பாலத்துக்கு இங்கிட்டு, தம்பிராசா ஐயா கட்டுக்கடியில கொழா போட்டு எடுக்கிறாரு. பெரிய ஐயாகிட்ட சொல்லுப்பா. நகைய வச்சு வெதச்சது.”

தம்பிராசா என்பவர் முழு வாய்க்காலுக்கும் கமக்காரர் தலைவர். தலைப்பில் நிறைய வயல், வெள்ளை வேட்டி, சத்தமான குரல். அவர் அதற்கு முதல் நாளே கந்தோருக்கு வந்து முறைப்பாடு வைத்துவிட்டார்: கடைசிக் கிராமத்துச் சனம் களவாய் மதகுக் கதவைத் திறந்து தண்ணீரை வீணாக்குகிறார்கள், அவர்களுடைய கதவுக்குப் பூட்டுப் போடவேண்டும். பூட்டுப் போட்டால் அந்தப் போகத்துக்கு அவர்கள் கதை முடிந்தது.

நான் ஐயாவிடம் குழாய் விஷயத்தைச் சொன்னேன்.

“அவை அப்பிடித்தான் சொல்லுவினம் முத்தையா. தோட்டக்காட்டுச் சனத்துக்குத் தண்ணி முறை தெரியாது. தம்பிராசா பொய் சொல்லமாட்டார், நல்ல குடும்பம்.”

தோட்டக்காடு என்ற அந்த ஏளனச் சொல் என் காதில் விழுந்ததும் காலடியில் இருந்த பிரேக்கை ஏனோ கொஞ்சம் பலமாக மிதித்துவிட்டேன். ஐயாவின் குடை முன்சீட்டுக்கு வந்துவிட்டது. “மாடு ஐயா” என்றேன். தெருவில் மாடு எதுவும் இல்லை.

அடுத்த நாள் பூட்டோடு புறப்பட்டோம். நாலாம் பாலத்தடியில் நின்று ஆளை அனுப்பிப் பூட்டச் சொல்வது ஐயாவின் திட்டம். பாலத்தடிக்குப் போனால், திருப்பும் இடத்தில் ஓர் உழவு இயந்திரம் இழுவைப் பெட்டியோடு, சக்கரத்தில் காற்றுப்போய்க் குறுக்காகக் கிடந்தது. ஆளில்லை. யாருடையது என்று பார்த்தால், தம்பிராசாவுடையது.

“பின்னுக்கு எடுக்கேலாதோ?” என்றார் ஐயா.

“எடுக்கலாம் ஐயா. கட்டு ஒடுக்கம். வாய்க்காலுக்குள்ளை போனால் தண்ணியில்லை, அதாலை தாழமாட்டம். ஆனால் இடுப்பு முறியும்.”

“பிறகு?”

“கடைசி மட்டும் போய்த்தான் திருப்பவேணும்.”

பின்னுக்கு எடுப்பது எனக்குப் பெரிய காரியம் இல்லை. ஆனால் அதை அவர் கேட்கவில்லை, இடுப்பைப் பற்றித்தான் யோசித்தார். போனோம். அகோர வெயில். குழாய்கள் கட்டுக்கடியில் புதைந்திருந்ததால் வாகனத்துக்குள்ளிருந்து தெரியவில்லை. ஐயா வாய்க்காலின் அடியைப் பார்த்துக்கொண்டு வந்தார். இலை விட்டுப் பார்க்க அங்கே தண்ணீரே இல்லை. தேவாரமும் வரவில்லை.

பாக்கியம் அக்கா வயலுக்குக் கூட்டிக்கொண்டு போனார். நிலம் வெடித்து, வெடிப்புக்குள் என் கைவிரல் போனது. பயிர் பச்சை மாறி, நுனி கருகத் தொடங்கியிருந்தது. இன்னும் நாலைந்து நாள் தாங்கும், பிறகு வைக்கோல்தான். ஐயா குனிந்து ஒரு பயிரைப் பிரித்துப் பார்த்தார். பிரித்தவர் நிமிரும்போது தள்ளாடி வரம்பில் அப்படியே குந்திவிட்டார். விடியத் தொடங்கி ஒரு சொட்டுத் தண்ணீர் குடிக்கவில்லை. அன்று அம்மாவுக்குக் காய்ச்சல், பிளாஸ்க் இல்லை. வழியில் பாக்கியம் அக்கா வீட்டார் நீட்டிய தண்ணீருக்கும் வழமையான மறுப்புத்தான்.

“ஐயோ, ஐயாவுக்குச் சீனி எறங்கிருச்சு!” என்று பாக்கியம் அக்கா போட்ட சத்தத்தில் கிராமமே கூடிவிட்டது.

அன்று பார்த்துப் பொதுநோக்கு மண்டபத்தில் நடமாடும் கிளினிக். நாலு பெண்கள் ஐயாவைத் தோளில் தாங்கினார்கள். தோலும் இல்லை, மூடியும் இல்லை, நேரே கைதான். கொண்டுபோய்க் கதிரையில் இருத்தினார்கள். ஒருத்தி விசிறினாள், ஒருத்தி சப்பாத்தைக் கழற்றினாள். வெள்ளை உடுப்புப் போட்ட தாதி, நாங்கள் மிஸி என்போம், ஓடிவந்து விரலில் குத்தி, சின்ன மெசினில் இரத்தத்தை வைத்துப் பார்த்தார்.

“சீனி நல்ல அளவாய் இருக்குதே. எவ்வளவு காலமாய் வருத்தம்?”

ஐயா குத்தின விரலைத் துடைத்துக்கொண்டார்.

“என்ன மருந்து எடுக்கிறியள்?”

“மருந்து… எடுக்கிறேல்லை.”

“எந்த டொக்டர் உங்களுக்குச் சீனி வருத்தம் எண்டு சொன்னவர்?”

ஐயா என்னைப் பார்த்தார். நான் கூரையைப் பார்த்தேன். கூரையில் நல்ல தகரம் போட்டிருந்தார்கள்.

“உங்களுக்கு ஒரு சீனி வருத்தமும் இல்லை. தண்ணி குடிக்காததுதான் வருத்தம்” என்று மிஸி முடித்துவிட்டு அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

மண்டபம் ஒரு கணம் யோசித்தது. பிறகு ஒரே கொண்டாட்டம். “ஐயாவுக்குச் சீனி வருத்தம் சொகமாயிருச்சு!” கிழவி ஒருத்தி அம்மனுக்குக் கை கூப்பினாள். அவர்கள் உண்மையாகவே சந்தோஷப்பட்டார்களா, இல்லை ஐயாவின் கதையை அறிந்துகொண்டே கொண்டாடினார்களா என்று எனக்கு இன்றைக்கும் நிச்சயமில்லை. பாக்கியம் அக்காவைப் பற்றி மட்டும் நிச்சயம். முகத்தில் ஒரு சுருக்கமும் இல்லாமல் மிஸியிடம் சொன்னார்:

“நம்ம ஊரு மண்ணு அப்பிடிங்க மிஸி. நாலாம் பாலம் தாண்டினா வாற ஐயாமாருக்கெல்லாம் சீனி வருத்தம் வந்துரும். திரும்பிப் போறப்ப பாலத்தத் தாண்டினதும் சொகமாயிடும்.”

மிஸிக்கு விளங்கிவிட்டது. வாயைக் கையால் பொத்திக்கொண்டார்.

தேத்தண்ணி வந்தது. இந்தத் தடவை சீனி அள்ளிப் போட்டு, பாலும் விட்டு. ஐயா கிளாசை வாங்கிக் கையில் வைத்துக்கொண்டார். நாலு பக்கமும் முகங்கள். அவர் வாய் மெல்லத் திறந்தது. குடிக்கத்தானென்று நினைத்தேன்.

“எனக்குக் கொஞ்சம்… காஸ்ட்ரிக்கும் இருக்குது…”

அதற்குமேல் என்னால் தாங்க முடியவில்லை.

“ஐயா,” என்றேன், “நீங்கள் ஒவ்வொரு நாளும் குடிக்கிறது இந்தத் தேத்தண்ணிதான். என்ரை அம்மாவும் இவையைப் போலை மலையிலை இருந்து வந்தவா. தேயிலைக் கொழுந்து பறிச்ச கை. அந்தக் கையைத்தான் நீங்கள் பொன் கை எண்டு சொல்லுறனீங்கள். தோட்டக்காட்டுச் சனம் எண்டு நேற்றுச் சொன்னியள். அது நான்தான் ஐயா.”

வேலை போகாது, அரசாங்க வேலை. ஆனால் தினம் தினம் முதுகுக்குப் பின்னால் இருந்து கதைத்துக்கொண்டு வந்த ஒரு மனிதரை அந்த இடத்தில் இழக்கிறேன் என்று எனக்குத் தோன்றியது. அது எனக்கு உண்மையாகவே நொந்தது.

ஐயா கிளாசுக்குள் பார்த்துக்கொண்டிருந்தார். “ஏன் முதலே சொல்லேல்லை?”

“நீங்கள் ஊரைக் கேட்டியள். ஊரைச் சொன்னனான்.”

அவர் குடித்தார். சும்மா ஒப்புக்கு ஒரு மிடறு இல்லை, கடைசி வரைக்கும். குடித்துவிட்டுக் கிளாசைப் பாக்கியம் அக்காவிடம் நீட்டினார். “இஞ்சி போடேல்லையோ?” என்றார். மண்டபமே சிரித்தது. இரண்டாவது கிளாஸ் இஞ்சியோடு வந்தது.

அது முடிந்ததும் பாக்கியம் அக்கா, “தேத்தண்ணி குடிச்சாச்சு. இனி எந்திரிங்க, கொழாயப் பாப்பம்” என்றார். அவருக்கு அன்று தேத்தண்ணி பெரிய விஷயம் இல்லை. இரண்டு ஏக்கர் கருகிக்கொண்டிருந்தது.

கட்டு வழியே பாலத்தை நோக்கி நடந்தோம். ஓரிடத்தில் அவர் மண்வெட்டியால் கொத்தினார். உள்ளே பெரிய குழாய். பக்கத்தில் இன்னொன்று, அதற்குப் பக்கத்தில் இன்னொன்று. கட்டுக்கு மறுபக்கம் பற்றைகளுக்குப் பின்னால், அந்தப் போகம் விதைக்க ஒரு கமக்காரர் கூட்டத்திலும் அனுமதி கொடுக்காத காணியில் தம்பிராசாவின் நெல்லு இடுப்பளவு பச்சையாக நின்றது. ஐயா அந்த வயலைப் பார்த்தபடி நெடுநேரம் குடையை விரிக்காமல் நின்றார். பிறகு வாகனத்திலிருந்த பூட்டை எடுத்துவரச் சொல்லி, அதைத் தூக்கிப் பற்றைக்குள் எறிந்தார். அரசாங்கச் சொத்து. நான் பிறகு போய்ப் பொறுக்கி வந்தேன்.

அடுத்த நாள் காலை அம்மாவுக்குக் காய்ச்சல் விட்டிருந்தது, பிளாஸ்கும் வந்தது. நான் அதை வழமையான இடத்தில் வைத்துவிட்டு ஓட்டினேன். ஐயா பின்சீட்டில் வெளியே பார்த்துக்கொண்டு வந்தார். கிளிநொச்சிச் சந்தி தாண்டியது. பிறகுதான் மூடி திருகுகிற சத்தம் கேட்டது.

“அம்மாவுக்கு இப்ப சுகமோ?” என்றார் ஐயா.

“சுகம் ஐயா.” எனக்குக் கண் கலங்கிவிட்டது. தூசி என்று துடைத்துக்கொண்டேன்.

அன்றே அவசரக் கூட்டம். மண்டபம் நிறையக் கமக்காரர்கள். ஐயா குழாய்களைப் பற்றிச் சொன்னதும் தம்பிராசா எழும்பினார். குழாய் பற்றி அவர் ஒரு சொல்லும் பேசவில்லை. சபையைத் திரும்பிப் பார்த்து இளித்துக்கொண்டு, “ஐயா அங்கை போய் அவையின்ரை தேத்தண்ணி குடிச்சவராம். சனம் கதைக்குது” என்றார்.

முன்வரிசையில் சிலர் சிரித்தார்கள். ஐயாவின் காது சிவந்துபோனது. அந்தச் சபையில் அவருடைய மச்சான் இருந்தார், பெரியப்பாவின் மகன் இருந்தார். ஏதாவது ஒரு வருத்தத்தைச் சொல்லித் தப்பிவிடுவார் என்று பயந்தபடி நான் கதவடியில் நின்றேன்.

“ஓம், குடிச்சனான்” என்றார். “ரெண்டு கிளாஸ். நல்ல தேத்தண்ணி. அதுக்கும் உம்மடை குழாய்க்கும் என்ன சம்பந்தம் தம்பிராசா?”

இப்போது பின்வரிசை சிரித்தது. தலைப்பு வயல்காரரில் வயதான ஒருவர், தம்பிராசாவின் சொந்தக்காரர்தான், எழும்பி, “குழாயைக் கழட்டடா மோனை, வெக்கக்கேடு” என்றார். பொழுதுபடுமுன் குழாய்கள் கழன்றன.

இதனால் ஐயா ஒரே நாளில் வேறு மனிதர் ஆகிவிட்டார் என்று சொன்னால் நீங்கள் நம்பக்கூடாது. கந்தோருக்குப் புதுப் பிள்ளை ஒன்று வேலைக்கு வந்தால், “நீர் எவ…” என்று அவர் வாய் தானாகத் திறக்கும். நான் கண்ணாடியில் பார்ப்பேன். “…வ்வளவு நேரம் பஸ்ஸிலை வந்தனீர்?” என்று முடிப்பார். பழக்கம் இலேசில் போகாது. ஆனால் வாகனம் நாலாம் பாலத்தில் அதன்பிறகு ஒரு நாளும் திரும்பவில்லை.

தண்ணீர் கடைசி வயலுக்குப் போய்ச் சேர்ந்த அன்று, “போய்ப் பாப்பம் முத்தையா” என்றார். இஸ்திரி போட்ட புதுச் சட்டை. தலையை வாரியிருந்தார். எதற்கு என்று எனக்கு விளங்கியது. மாலை மரியாதையை எதிர்பார்க்கிற ஆள் இல்லை, ஆனால் நாலு நல்ல வார்த்தையை யாருக்குத்தான் பிடிக்காது.

அங்கே ஒருவரும் நிமிர்ந்து பார்க்கவில்லை. எல்லோரும் முழங்கால் சேற்றில் நின்று வரம்பு கட்டிக்கொண்டிருந்தார்கள். ஐயா ஒரு தரம் செருமினார்.

“தண்ணி வந்திட்டுதோ பிள்ளை?”

“வந்துருச்சுங்க” என்றார் பாக்கியம் அக்கா, குனிந்தபடியே.

“பயிர் தப்பீட்டுது.”

“பாதி தப்பிருச்சுங்க. மேட்டுப் பக்கம் போயிருச்சு.”

ஐயா இன்னும் நின்றார். பாக்கியம் அக்கா நிமிர்ந்து அவரை மேலும் கீழும் பார்த்தார். சட்டையைப் பார்த்தார்.

“ஐயா, கோவிச்சுக்காதீங்க. ஏதோ குடுத்துட்டு நிக்கிற மாதிரி நிக்கிறீங்க. இது எங்க தண்ணி தானேங்க?”

இலையோடு நடந்த மனிதருக்கு அன்று எங்கே நடப்பதென்று தெரியவில்லை.

“ஓம்,” என்றார் கடைசியில். “உங்கடை தண்ணிதான். நான் வந்து பாக்காததாலைதான் மேட்டுப் பக்கம் போனது. அதுக்கு நான் மன்னிப்புக் கேக்கவேணும்.”

“கேக்கணும்னு சொல்றீங்க,” என்றார் பாக்கியம் அக்கா. “இன்னும் கேக்கலியே.”

பக்கத்து வயலில் மண்வெட்டிகள் நின்றுவிட்டன. ஐயா குடையை மடக்கி என்னிடம் தந்தார். சப்பாத்தோடு சேற்றில் இறங்கி, அவருக்கு முன்னால் போய் நின்றார்.

“என்னை மன்னிச்சுக்கொள்ளுங்கோ பாக்கியம்” என்றார்.

பாக்கியம் அக்கா மண்வெட்டியை வரம்பில் சாத்தினார். உடனே சரி என்று சொல்லவில்லை. கருகிப்போன மேட்டுப் பக்கத்தை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு, “சரிங்க” என்றார். பிறகு மண்வெட்டியை எடுத்து வரம்பைக் கட்டப் போய்விட்டார்.